உடைந்தது ஒரே ஒரு புரோகிராம்

குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு,

நான் விலகப் போகிறேன் என்று தெரிந்ததும் உங்களில் ஒருவர், "போறதுக்கு முன்னாடி, பெரிய நெருக்கடி எதையாவது எப்படிச் சமாளிச்சீங்கன்னு எழுதிக் குடுங்க மேடம்" என்று கேட்டிருந்தார். பெரிய நெருக்கடிகளை நானும் பார்த்திருக்கிறேன். வெளியீட்டு நாளன்று பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தது, சர்வர் மொத்தமும் படுத்துக்கொண்டது என்று சில உண்டு. அப்போதெல்லாம் நன்றாகவே தூங்கினேன். என் தூக்கத்தைக் கெடுத்தது அடைப்புக்குறிகளை ஒழுங்குபடுத்திய வேலைதான். நடந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. விழுப்புரத்தில் வீடு. வீட்டின் பின்னறைதான் அலுவலகம். ஒரு நிரல்மொழியோடு கூடவே வருகிற ஸ்டாண்டர்டு லைப்ரரியை, அதாவது எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துகிற ஆயத்த நிரல்களின் நூலகத்தை, பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து பராமரிக்கிறோம் அல்லவா, அதில் என் பங்கை அந்த அறையிலிருந்து செய்துவந்தேன். கணவர் கெடாரில் கணக்கு வாத்தியார். ஒரே மகள் ரெஜினா. அவளைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடைப்புக்குறிகள் விளங்காது.

ரெஜினா திண்டிவனத்துக்கு வெளியே, மரக்காணம் கரையிலிருந்து வரும் மீனை உறையவைத்து ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் பொறியாளர். தினமும் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் போய்வருகிறாள். குளிர் அறைகளுக்குள் கைப்பேசியைக் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

நானோ, மகள் வாசல்படி தாண்டினால் நிம்மதி இழக்கிற ரகம். பஸ் ஏறினாளா, உட்கார இடம் கிடைத்ததா, விக்கிரவாண்டி தாண்டினாளா, இறங்கினாளா, சாப்பிட்டாளா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்தி அனுப்புவேன். பதில் வராவிட்டால் அதுவரை தொலைக்காட்சியில் பார்த்த விபத்துகள் எல்லாம் என் அறையில் வந்து வரிசையாக நிற்கும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மதியம் அப்படித்தான் பதில் இல்லை. கம்பெனிக்கே போன் போட்டேன். எடுத்தவர் மேனேஜர். நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு உடனே மைக்கைப் பிடித்துவிட்டார். "இன்ஸ்ட்ருமெண்ட் செக்‌ஷன் ரெஜினா, உங்கம்மா லைன்ல இருக்காங்க. சாப்ட்டீங்களான்னு கேக்கறாங்க." மீன் வெட்டும் கூடம், ஐஸ் அறை, லாரி நிற்கும் இடம் எல்லாவற்றுக்கும் அது கேட்டிருக்கிறது.

அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"இன்னொரு வாட்டி நீ ஆபீசுக்குப் போன் பண்ணே, திண்டிவனத்துலயே ஹாஸ்டல் பாத்துக்கினு போய்டுவேன். ஞாயித்துக்கெழம பூசைக்கு மட்டும்தான் இந்த ஊரு. சொல்லிட்டேன்."

"நீ பதில் போட்டா நான் ஏன்டி போன் பண்ணப் போறேன்?"

"போனு லாக்கர்ல கெடக்குதும்மா! மீனுக்கு நடுவுல நின்னுகினு எப்படிப் பதில் போடறது?"

"வெளிய வந்து ஒரு வார்த்தை போட்டுட்டுப் போனா ஆவாதா? மீன் என்னா ஓடியா போய்டும்?"

"ஓடாது. செத்த மீனு" என்றார் கணவர், விடைத்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

இனிமேல் அலுவலகத்துக்குப் போன் பண்ணுவதில்லை என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். ஹாஸ்டல் என்ற சொல் எனக்கு அவ்வளவு பயம்.

அதற்கப்புறம்தான் அதிசயம் நடந்தது. பதில்கள் வர ஆரம்பித்தன. "ஏறிட்டேம்மா." "கூட்டம்மா, நின்னுகினு வர்றேன்." "எறங்கிட்டேன்." மதியம், "சாப்ட்டேம்மா, நீ சாப்ட்டியா?" கடைசிக் கேள்வியில் நான் உருகிப்போனேன். அம்மா கவலைப்படுவாள் என்று பனிக்குள்ளிருந்து லாக்கருக்கு ஓடிவந்து பதில் போடுகிறாளே என்று கோலியனூரில் இருக்கும் என் அக்காவிடம் பெருமையடித்தேன். "கேட்ட வாய மூடல, பதில் வந்துடுது. உன் பையனும் இருக்கானே."

சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடங்கள் இருந்தன. பெரிய வெள்ளியன்று வீட்டில் எல்லோரும் ஒருசந்தி நோன்பு இருந்தோம், அவளுக்கு அன்றும் வேலை. மதியம் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். "சாப்ட்டேம்மா" என்று வந்தது. சாயங்காலம் திட்டினேன், அவள் விழித்தாள். இன்னொரு நாள் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு அடுத்த அறையில் படுத்திருந்தாள். நான் வேலை மும்முரத்தில் மறந்துபோய் "எறங்கிட்டியா" என்று அனுப்பினேன். "எறங்கிட்டேம்மா" என்று பதில். காய்ச்சலிலும் குசும்பைப் பார் என்று சிரித்துக்கொண்டு கஞ்சி வைக்கப் போனேன்.

இனி அடைப்புக்குறிகள்.

மேக்ரோ என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். இதைப் படித்துப் பார்க்கப் போகும் என் கணவருக்காகச் சொல்கிறேன். அடிக்கடி எழுத வேண்டிய பல வரிகளுக்கு ஒரு பெயர் வைத்துவிடுகிறோம். பெயரை எழுதினால் போதும், அந்த இடத்தில் அத்தனை வரிகளும் விரிந்துகொள்ளும். கல்யாண மண்டபத்தில் "ஒரு பந்தி போடு" என்றால் இலையில் உப்பு வைப்பதிலிருந்து பாயசம் வரை தானாக நடக்கிறதே, அந்த மாதிரி.

எங்கள் நூலகத்தின் மேக்ரோக்களைப் பல பேர் பல காலத்தில் எழுதியிருந்தார்கள். ஒருவர் வளைந்த அடைப்புக்குறி போட்டிருப்பார், அடுத்தவர் சுருள் அடைப்புக்குறி. ஒருவர் வரிக்கு வரி இடம் விடுவார், இன்னொருவர் ஷேர் ஆட்டோவில் ஆள் ஏற்றுவதுபோல எல்லாவற்றையும் ஒரே வரியில் அடைத்திருப்பார். எல்லாவற்றையும் ஒரே பாணிக்குக் கொண்டுவருகிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதில் பெயரும் கிடையாது, புகழும் கிடையாது. சரியாகச் செய்தால் எவருக்கும் எதுவும் தெரியக் கூடாது. என் சுபாவத்துக்கு ஏற்ற வேலை.

அப்படிப் பெருக்கிக்கொண்டு வரும்போது ஒரு மூலையில் ஒரு குட்டி மேக்ரோ கிடந்தது. கொடுத்த வாக்கியம் எந்த வகையில் சேருகிறது என்று பார்த்து, அதற்குரிய பதிலை எடுத்துக் கொடுக்கும். எங்கள் உள் உபயோகத்துக்காக எழுதியது. வெளியார் தொட வேண்டாம் என்று மேலேயே எழுதிவைத்திருந்தோம். கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனால் பூட்டு ஏதும் போடவில்லை. அதே வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்யும் வேறொன்று இருந்ததால், இதை எடுத்துவிட்டேன்.

இந்த மாதிரி மாற்றங்களுக்கு நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் சீக்கிரம் பார்ப்பீர்கள். உலகத்தில் பொதுவில் வைக்கப்பட்டிருக்கிற புரோகிராம்கள் அத்தனையையும் பழைய நூலகத்தோடு ஒரு தடவை, புதியதோடு ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம். முன்பு ஓடியது இப்போது ஓடாவிட்டால் அது உடைந்தது என்று கணக்கு. முடிவு வந்தது. ஒரே ஒரு புரோகிராம் உடைந்திருந்தது. நான் நீக்கிய குட்டி மேக்ரோவை அது பயன்படுத்தியிருந்தது.

உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ நாலைந்து எழுத்துகள். விவரம் இல்லை, படம் இல்லை. அறிக்கையில் உடைந்த வரி மட்டும்தான் தெரிந்தது, மற்ற வரிகளைத் திறந்து பார்க்க நான் மெனக்கெடவில்லை. கையேட்டில் இல்லாததைத் தேடி எடுத்திருக்கிறாரே, இவர் யாராக இருக்கும் என்று ஒரு கணம் யோசித்தேன். ஏதோ குளிர் நாட்டில் பொழுதுபோகாத பேராசிரியர் என்று முடிவு செய்துகொண்டேன்.

குழுவின் மூத்த அம்மையார் கண்டிப்பானவர். அவர் எழுதினார்: "தொடாதே என்று எழுதியதைத் தொட்டிருக்கிறார். ஒரே ஒருவர். மாற்றம் உன்னுடையது, முடிவும் உன்னுடையது."

உடைக்கப் போகிறோம் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது இன்னொரு வழக்கம். அதற்கென்று அச்சடித்த மாதிரி ஒரு அறிவிப்பு உண்டு. அதை அந்தப் புரோகிராமின் பக்கத்தில், என் பெயரோடு, ஆங்கிலத்தில் ஒட்டினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தங்கள் புரோகிராம், தாங்கள் பயன்படுத்தக் கூடாத ஒன்றை நம்பி ஓடுவது எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. இரண்டு வாரத்தில் அது நீக்கப்படும். மாற்று ஏற்பாடு செய்துகொள்ளவும். புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறோம்."

அன்றிலிருந்து ரெஜினாவின் போக்கு மாறியது. கேட்காமலே பாத்திரம் கழுவினாள். வரும்போது எனக்குப் பிடித்த, எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற வேகவைத்த வேர்க்கடலை வாங்கிவந்தாள். நான் கணினியைத் திறந்தால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"அம்மா, எம்மேல உனக்கு எதுனா கோவமா?"

"எதுக்குடி?"

"ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன். கால் வலிக்குதா? புடிச்சி உடட்டுமா?"

கணவரிடம் சொன்னேன். அவர் கணக்கு வாத்தியார், சாத்தியங்களைப் பட்டியலிடுவார். "ஒண்ணு வேலை போயிருக்கணும். இல்லன்னா எவனையாவது புடிச்சிருக்கணும். ரெண்டும் சேந்தும் இருக்கலாம்." அவர் தூங்கிவிட்டார். நான் கேள்விகளை அதிகமாக்கினேன். "நல்லாருக்கியா?" "நல்லாருக்கேம்மா." "ஏதாச்சும் பிரச்சனையா?" "அதெல்லாம் இல்லம்மா." பதில் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. முகத்தைப் பார்த்தால் வேறு மாதிரி இருந்தது.

கெடு முடிந்தது. பேராசிரியரிடமிருந்து பதில் இல்லை. ஒரு சாயங்காலம் மாற்றத்தை நூலகத்தில் சேர்த்தேன்.

மறுநாள் காலை அவள் கிளம்பிப் போனதும் "பஸ் ஏறிட்டியா" என்று அனுப்பினேன். பதில் இல்லை. "இடம் கெடச்சிதா?" இல்லை. "விக்கிரவாண்டி?" இல்லை. போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. கணவரைப் பள்ளியில் கூப்பிட்டேன். "கூட்டத்துல நின்னுகினு போவா, எப்படி எடுப்பா? உடு, சும்மா பேஜார் பண்ணாத" என்றார். மதியமும் ஆயிற்று. "சாப்ட்டியா" என்ற கேள்வி அப்படியே நின்றது. அத்தனை மாதங்களில் அந்தக் கேள்விக்குப் பதில் வராமல் இருந்ததே இல்லை.

கம்பெனிக்குப் போன் பண்ண முடியாது. பண்ணினால் ஹாஸ்டல். பண்ணாவிட்டால் என் நெஞ்சு நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி தெரிந்தது. போன்தானே பண்ணக் கூடாது என்றாள், நேரில் வரக் கூடாது என்று சொல்லவில்லையே. விதியில் எழுதாததைத் தேடிப் பிடிப்பது நம் தொழிலில் ஊறிய குணம். வீட்டுச் செருப்போடு கிளம்பினேன். கையில் ஜெபமாலை, அவள் சாப்பிடாமல் இருந்தால் கொடுக்க ஒரு டப்பா எலுமிச்சை சாதம், அன்று வெளியீட்டுக்காக இனி மாற்றம் கூடாது என்று நூலகத்தை மூடுகிற நாள் என்பதால் மடிக்கணினி.

விழுப்புரம் பஸ் நிலையத்தில் கண்டக்டரைப் பிடித்தேன்.

"அண்ணே, காலையில உங்க வண்டியில ஒரு பொண்ணு வந்துதா? நீலச் சுடிதாரு, கண்ணாடி போட்டிருக்கும்."

"காலேஜுக்குப் போற வண்டிம்மா இது. முக்காவாசி நீலச் சுடிதாரு, அதுல பாதி கண்ணாடி."

"மொகம் கொஞ்சம் வாடியிருக்கும்."

"காலையில எல்லாருக்கும் அப்படித்தாம்மா இருக்கும். ஜல்தியா ஏறுங்க, வண்டி எடுக்கணும்."

வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, சாலையோரத்தில் கூட்டம் தெரிந்தால் எழுந்து எழுந்து பார்த்தேன். கூட்டேரிப்பட்டில் தெரிந்த கூட்டம் தர்பூசணி வாங்குகிறவர்கள்.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழாமலே, "யாரும்மா வேணும்?" என்றார்.

"ரெஜினா. நான் அவ அம்மா."

எழுந்து நின்றுவிட்டார். "சாப்ட்டியா அம்மாவா? ஒக்காருங்க, ஒக்காருங்க. மைக்குல கேட்டிருக்கேன், நேர்ல இப்பத்தான் பாக்கறேன்."

"பொண்ணு வந்துதா?"

"வந்துச்சே. எதிர்க்கடையில இட்லி துன்னுட்டுத்தான் உள்ள போச்சி. எங்கிட்ட ரெண்டு வடகூட குடுத்துச்சி."

அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய் அவளைக் கூட்டிவந்தார்.

திண்டிவனத்து வெயிலில், முழங்கால் வரை தொங்கும் கனத்த கோட்டும் தலையை மூடிய தொப்பியுமாக ஒரு உருவம் வந்தது. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றது. ஏன் வந்தாய் என்று அது கேட்கவில்லை.

"வந்துட்டியா" என்றாள் ரெஜினா. கண் கலங்கியிருந்தது. "ஸாரிம்மா. நீ நோட்டீஸ் ஒட்டினப்பவே நானே வந்து சொல்லியிருக்கணும்."

"என்னா நோட்டீஸு?"

"மாற்று ஏற்பாடு செய்துகொள்ளவும்னு இங்கிலீசுல போட்டியே. புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறோம்னு வேற. அத்தப் படிச்சதுலருந்து எனக்குத் தூக்கமே வரல. நேரா நாலு அறை உட்டிருக்கலாம் இல்ல? இவ்ளோ மரியாதையா எழுதியா ஒருத்தியக் கொல்லுவ?"

ஒரு மீன் லாரி எங்களைத் தாண்டி உள்ளே போனது. அது போய் முடிகிற வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"அந்தப் புரோகிராம் உன்னுதா?"

"உனக்குத் தெரியாதா?"

வாட்ச்மேன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது என்னாடி பண்ணும்?"

தொப்பியைக் கழற்றினாள். "உனக்குப் பதில் போடும்."

எதிர்க்கடையில் போய் உட்கார்ந்தோம். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஏறிட்டேன் என்பது? அதுதான் போட்டது. நின்றுகொண்டு வருகிறேன் என்பது? திங்கட்கிழமைகளில் அப்படிப் போடும்படி எழுதியிருந்தாளாம். பெரிய வெள்ளி? "அது பக்கும்மா, புரோகிராம்ல தப்பு. கவனிக்கல." புரோகிராம் ஓடியது எங்கே என்று கேட்டேன். அவள் அறை அலமாரியில், துணிகளுக்குப் பின்னால், பழைய மடிக்கணினியில். என் கேள்வி வீட்டை விட்டுக் கிளம்பி எந்தெந்த நாட்டு சர்வர்களையோ சுற்றி, என் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதிலோடு திரும்பியிருக்கிறது. அந்தக் கணினி தினமும் காலையில் நூலகத்தின் புதிய பதிப்பை எடுத்துக்கொள்ளும். எதையும் புதியதில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

"அந்த மேக்ரோ உனக்கு எப்படித் தெரியும்? கையேட்டுலயே இல்லயே."

"உன் ஸ்கிரீன்ல இருந்துச்சே. உன் பக்கத்துல ஒக்காந்துதானே நான் ஹோம்வொர்க் பண்ணேன்."

"நீ சாப்ட்டியான்னு கேக்குமே, அது?"

"அது நான்தான் யோசிச்சி சேத்தேன்" என்றாள், தரையைப் பார்த்து.

அந்த நேரம் பார்த்து மடிக்கணினி சத்தம் போட்டது. மூத்த அம்மையார். "நூலகத்தை மூடப் போகிறோம். அந்த ஒரே பயனர் பதில் சொன்னாரா? மாற்றம் நிற்கட்டுமா, பின்வாங்கவா? இப்போதே சொல்."

இளையவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மாற்றம் நிற்கட்டும் என்று எழுத என் விரல் துடித்தது. ஆனால் துடித்தது பராமரிப்பாளர் விரலா, ஏமாந்துபோன அம்மாவின் விரலா என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் புரோகிராம் இனிமேல் எழுந்திருக்கவே கூடாது என்கிற ஆத்திரம் எனக்குள் இருந்தது. ஆத்திரத்தில் எடுத்த முடிவு சரியாகவே இருந்தாலும் அதன் காரணத்தை நாளைக்கு ஒருவரிடம் சொல்ல முடியாது. வேறு எந்தப் பயனராக இருந்தாலும் என்ன கேட்டிருப்பேனோ அதைக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

"இப்ப நான் உங்கம்மா இல்ல. லைப்ரரி டீம். சொல்லு, அந்த மேக்ரோ உனக்கு எதுக்குத் தேவப்படுது?"

அவளும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்கம்மாவுக்காக, மேடம்."

"வேற வழியில செய்ய முடியாதா?"

"எல்லாம் பாத்தாச்சி மேடம். பேசிப் பாத்தேன், கத்திப் பாத்தேன், ஹாஸ்டல் போறேன்னு மெரட்டியும் பாத்தேன்."

டீ மாஸ்டர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"நான் கேக்கறது மேக்ரோவ. அதே வேலைய இன்னொண்ணு செய்யுதே, அதுக்கு மாத்திக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

"இன்னொண்ணு இருக்குதா?" உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். கணினியைத் திருப்பிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "ஒரு வரி மாத்தினா போதும்மா. இத்த நோட்டீஸ்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே முடிச்சிருப்பேனே. மாற்று ஏற்பாடுன்னா எதுன்னு எழுத மாட்டீங்களா நீங்க?" என்றாள்.

சுருக்கென்றது. நாங்கள் இத்தனை காலம் ஒட்டிய எந்த அறிவிப்பிலும் அதை எழுதியதில்லை.

அம்மையாருக்குப் பதில் அனுப்பினேன். மாற்றம் நிற்கட்டும், பயனருக்கு ஒரு வரி வேலைதான், நம் அறிவிப்பில்தான் குறை, எதைப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். "இவ்வளவு விவரம் எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார். பயனரை நேரில் பார்த்தேன் என்றேன். "நேரிலா?" ஆமாம், பஸ்ஸில் வந்து. உடனே குழுவில் இருந்த அத்தனை பேரும் கைதட்டல் படங்களாக அனுப்பித் திரையை நிறைத்துவிட்டார்கள். ஒரே ஒரு பயனருக்காகப் பஸ் ஏறிப் போன பராமரிப்பாளர் என்று உங்களுக்கு என்னைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். பஸ் ஏறியது உண்மை. மற்றதை இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

கணினியை மூடினேன். மறுபடியும் அம்மாவானேன்.

"இத்தன மாசத்துல எனக்கு ஒரு வார்த்தகூட நீயா எழுதலியாடி?"

"அப்படி இல்லம்மா. தெரிஞ்ச கேள்விக்கு மட்டும்தான் அது பதில் போடும். நீ வேற எதுனா கேட்டா வாட்ச்மேன் அண்ணன் போனுக்கு மணி அடிக்கற மாதிரி வெச்சிருக்கேன். அவரு வந்து என்னைக் கூப்புடுவாரு, உன் நம்பரும் அவருகிட்ட குடுத்து வெச்சிருக்கேன். நானே வந்து உங்கிட்ட பேசறதுக்கு."

பக்கத்து பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேனைப் பார்த்தேன். அவர் சங்கடமாக நெளிந்தார்.

"இன்னும் அடிக்கலம்மா. நானும் டெய்லி சார்ஜு போட்டுக்கினுதான் வர்றேன்."

என் கைப்பேசியை எடுத்து மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஏறிட்டியா. எறங்கிட்டியா. சாப்ட்டியா. கெளம்பிட்டியா. எவ்வளவு தூரம் போனாலும் அதேதான்.

ரெஜினா எலுமிச்சை சாத டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். "நீ எனக்குக் குடுத்த மாதிரி நானும் ஒரு நோட்டீஸ் குடுக்கறேன். வர்ற ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம். வழக்கமா கேக்கறதெல்லாம் கேளு, மெஷின் பதில் போடும், அத்த நிறுத்த மாட்டேன். ஆனா புதுசா ஒண்ணாவது கேக்கணும். இல்லன்னா ஹாஸ்டல்."

"புதுசான்னா?"

"பதில் உனக்குத் தெரியாத கேள்வி." கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "மாற்று ஏற்பாடு செய்துகொள்ளவும்."

அன்றே அந்த ஒரு வரியை மாற்றிவிட்டாள். மறுநாளிலிருந்து நான் முயன்றேன். "மழ வருதா?" என்றேன். "இல்லம்மா, கொட இருக்குது" என்று நொடியில் வந்தது. "தலவலி எப்படி இருக்கு?" "போய்டுச்சும்மா." சம்பந்தம் பேச ஒரு குடும்பம் கேட்கிறார்கள் என்று எழுதினேன். "யோசிச்சி சொல்றேம்மா." அதைக்கூட எழுதிவைத்திருக்கிறாள். என்னை அவ்வளவு தூரம் தெரிந்து வைத்திருக்கிறாள். பேசாமல் கைப்பேசியைக் குத்திக்கொண்டிருந்த என்னைப் பார்த்துக் கணவர் "என்னா பண்ற?" என்றார். "டெஸ்டிங்" என்றேன்.

சனிக்கிழமையும் வந்துவிட்டது. அன்றும் அவளுக்கு வேலை. கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன், வேலை ஓடவில்லை. அந்தக் கோட்டு நினைவுக்கு வந்தது. எவ்வளவு கனமானது அது. அதற்குள் என் மகள் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். உள்ளே எவ்வளவு குளிர், எதைப் பழுதுபார்க்கிறாள், அங்கே அவளோடு பேசுவதற்கு யார் இருக்கிறார்கள்? பஸ் ஏறியதிலிருந்து இறங்கியது வரை எனக்குத் தெரியும். அந்த வாசலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாளும் கேட்டதில்லை.

எழுதினேன். "அந்தக் கோட்ட மாட்டிக்கினு உள்ள போயி நீ என்னாதான்டி வேலை பண்ற?"

பதில் வரவில்லை. திரையைப் பார்த்தபடி இருந்தேன். வரவே இல்லை. பதில் இல்லாததற்காக நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்ததும் காதைப் பிளக்கிற மாதிரி வாட்ச்மேன் குரல்.

"அம்மா, அடிச்சிடுச்சும்மா! மணி அடிச்சிடுச்சி! பாப்பாவக் கூப்புடத்தான் ஓடிக்கினு இருக்கேன். லைன்லயே இருங்க, வெச்சிடாதீங்க!"

அவர் செருப்புச் சத்தமும், இரைக்கிற மூச்சும், எங்கோ ஒரு கனமான கதவு திறக்கிற சத்தமும் கேட்டன. அதற்குப் பின்னால், "என்னாண்ணே, எங்கம்மாவா? நெஜமாவா?" என்று என் மகளின் குரல்.